மச்சான் பிடிக்கும் கயிறு

பி.காம். படித்தவனிடம் யாராவது கயிறு வாங்க யோசனை கேட்பார்களா? கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மண்டபத்தில் எனக்கு ஒரு நண்பர். கருவாட்டு வியாபாரம் செய்கிறார். கூடவே சின்னதாக ஒரு ஃபைபர் படகு, அதைத் தூக்கிப்போக ஒரு டிரெய்லர். கடலில் போகிற படகுக்கு ரோட்டில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

மேப்பை எடுத்து மண்டபத்தைப் பாருங்கள். ராமேஸ்வரத்தை நோக்கி நீட்டிய விரல் மாதிரி ஒரு துண்டு நிலம். விரலுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயரெல்லாம் கிடையாது. வடகடல், தென்கடல், அவ்வளவுதான். சித்திரைக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை கிளம்பினால் அப்படியே உல்டா. ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை படகுகள் ஜாகை மாற்றுகின்றன. பெரிய படகுகள் பாம்பன் கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். நம் நண்பர் மாதிரி சின்னப் படகுக்காரர் டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் கட்டி, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். கொஞ்ச தூரம்தான்.

டிரெய்லரின் முகப்பில் ஒரு வின்ச் இருக்கும். கிணற்று ராட்டினத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளும், படகு தண்ணீரிலிருந்து வண்டிமேல் ஏறும். ஓர் ஐப்பசி மாதக் காலையில் நண்பரின் மைத்துனர் அந்தக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். படகு முக்கால்வாசி ஏறிவிட்டது. ஓர் அலை பின்னால் இழுத்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம்.

வின்ச்சில் இருந்தது இரும்புக் கம்பிக் கயிறு. அறுந்த முனை சாட்டை மாதிரி திரும்பி வந்து மைத்துனரின் முன்கையைக் கிழித்தது. ஒன்பது தையல். ஒரு முழம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

நான் போய்ப் பார்த்தபோது மனிதர் கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் கம்பிச் சுருள். “வெளியே பாருங்க அண்ணே, பளபளன்னு இருக்கு. போன மாசம்தான் கிரீஸ் போட்டேன்” என்றார் நண்பர். அறுந்த முனையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே காப்பிப்பொடி மாதிரி துரு கொட்டியது.

“நீங்கதான் கண்டதையும் படிக்கிறவராச்சே. அடுத்து என்ன கயிறு வாங்கலாம், சொல்லுங்க.”

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் அவருக்கு மூன்று சரக்கு காட்டியிருக்கிறார்கள். பழையபடி கம்பிக் கயிறு, விலை மலிவு. லாரியில் லோடு கட்டுகிற மாதிரி ஒரு பாலியஸ்டர் பட்டை. மூன்றாவதாக, ஏதோ ஷூ லேஸ் மாதிரி மெல்லிசாக, வழவழவென்று ஒரு நூல் கயிறு. இதற்குத்தான் விலை அதிகம். கம்பியைவிட இது பலம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். நண்பர் நம்பவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

சரி, கயிற்றைப் பற்றிப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதல் இழுப்பு அந்தத் தெருவிலேயே கிடைத்தது. இளவயதில் சங்கு குளித்த ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, “கயிறு பிடிச்சது மச்சானா? அது சரி” என்றார். நக்கலடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூக்கை அடைத்துக்கொண்டு குதிப்பது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒவ்வொரு குளியாளுக்கும் இரண்டு கயிறு உண்டு. ஒன்றில் கல் கட்டியிருக்கும். பத்துப் பதினைந்து கிலோ தேறும். அந்தக் கல்லில் கால் வைத்து நின்றால் சரசரவென்று அடிமட்டத்துக்குக் கொண்டு போய்விடும். தரை தட்டியதும் காலை எடுத்துவிட வேண்டும். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். இன்னொரு கயிற்றில் வலைப்பை. சிப்பிகளை வாரிப் பையில் போட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கீழே இருக்கிற நேரம் சுமார் ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்தில் மேலே இருப்பவர் வேடிக்கை பார்த்தாலோ, கயிறு எங்காவது சிக்கினாலோ கதை முடிந்தது.

எனவே கயிறு பிடிக்க யாரைப் போடுவது? அண்ணன் தம்பியைப் போட்டால் சொத்துத் தகராறு இருக்கலாம். கூட்டாளியைப் போட்டால் பங்குத் தகராறு. மனைவியின் உடன்பிறந்தவன்தான் சரி. கயிற்றை விட்டால் தாலி இழப்பது அவன் அக்காவோ தங்கையோ அல்லவா! மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று இந்தக் கரையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக்கூடத் தோன்றாத யோசனை.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பின் கணக்கு வழக்கையும் எழுதி வைத்திருக்கிறார். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வருமா, வராதா? சுறாவுக்குத் தனியாக ஒதுக்கீடு இருக்கிறது. கயிறு பிடித்தவன் கணக்கில் எங்கே?

தமிழகப் பக்கம் தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு அரசு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு குளிப்பு அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

அந்தக் காலத்துக் கயிறு எது? இந்தக் கடலில் பெரும்பாலும் தென்னை நார்தான். ராமநாதபுரம் பனங்காட்டுச் சீமை, பனை நாருக்குப் பஞ்சமில்லை. கட்டில் கட்டவும் பெட்டி முடையவும் அது போதும். ஆனால் கடலுக்கு என்று வந்தால் தென்னை நாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உப்புத் தண்ணீரில் சுலபத்தில் மட்காது. மிதக்கும். இழுத்தால் நன்றாக நீண்டு கொடுக்கும். ஆங்கிலேயர்கள் ‘காயர்’ என்று சொல்வதே நம் ‘கயிறு’ மலையாளம் வழியாகக் கப்பலேறிப் போனதுதான்.

இதற்கு ஒரு பெரிய மனிதரின் சாட்சி இருக்கிறது. இபின் பதூதா. மொராக்கோவில் பிறந்து பாதி உலகத்தைச் சுற்றிய அதே ஆசாமிதான். மாலத்தீவில் தேங்காய் மட்டையைக் கடலோரக் குழிகளில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுத்து, பெண்கள் கயிறு திரிப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்தியா, சீனா, ஏமன் வரைக்கும் அது ஏற்றுமதியானதாம். அந்தக் கயிற்றால் கப்பல் பலகைகளையே தைத்தார்கள். ஆமாம், ஆணி அடிக்காமல் சட்டை தைப்பது மாதிரி. ஏன் என்பதற்கும் அவர் காரணம் சொல்கிறார். இந்தக் கடலில் பாறைகள் அதிகம். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும். கயிற்றால் தைத்தது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தப்பிக்கும்.

இதைச் சொன்னவர் மதுரை சுல்தான்கள் காலத்தில் 1340களில் நம் கரைக்கே வந்து இறங்கினார். இலங்கையிலிருந்து வரும் வழியில் அவருடைய கப்பல் தரைதட்டி உடைகிற நிலைக்குப் போய், உயிர் பிழைத்தது தனிக் கதை. அவர் ‘பத்தன்’ என்று குறிப்பிடுகிற துறைமுகம் கீழக்கரைக்குப் பக்கத்தில் உள்ள பெரியபட்டினமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் சிலரின் கணிப்பு. மண்டபத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

நார்க் கயிற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. அறுந்து போவதற்கு முன்னால் சொல்லிவிட்டு அறுகிறது. முதலில் மேலே பிசிர் எழும்பும். அப்புறம் ஒரு புரி இளைக்கும். அப்புறம் முறுக்கு பிரிந்து முனகும். கவனிக்கிறவன் கவனித்தால் தப்பிக்க நேரம் இருக்கிறது. “கயிறு பேசும் தம்பி. கேக்கத் தெரியணும்” என்றார் பெரியவர். எனக்கு அது கவிதை மாதிரி பட்டது. அவருக்கு அது தொழில்.

இங்கே ஒரு விஷயம். பழைய வடங்கள் ஏன் மணிக்கட்டுப் பருமன் இருந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? நாரின் பலம் குறைவு, அதனால் பருமன் வேண்டும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் உள்ளங்கை. மெல்லிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு டன் எடையை இழுத்துப் பாருங்கள், கை துண்டாகிவிடும். கரையில் படகு ஏற்றுவது என்றால் தேர் இழுப்பது போல இருபது பேர் வடம் பிடிக்க வேண்டும். படகுக்கு அடியில் உருட்டுக் கட்டைகள். ஒருத்தர் ‘ஐலசா’ என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்கு இழுப்பார்கள். கயிறு அறுந்தால் இருபது பேரும் மல்லாக்க விழுவார்கள். அடி படும்தான். ஆனால் நார்க் கயிறு தடித்த சோம்பேறி, அது பெரும்பாலும் யாரையும் கிழித்ததில்லை.

கைகளுக்குப் பதில் இரும்பு உருளை வந்ததும் எல்லாம் மாறியது. உருளைக்கு உள்ளங்கை கிடையாது. எனவே கயிறு மெலியலாம். இருபது பேர் தேவையில்லை, ஒருத்தர் போதும். அந்த ஒருத்தர் நிற்கிற இடம் கயிறு இழுபடுகிற அதே நேர்கோடு. அங்கேதான் நம் மைத்துனர் நின்றார்.

இனி கம்பிக் கயிற்றின் கதைக்காக ஜெர்மனி வரை போய்வருவோம்.

ஹார்ஸ் மலைப் பகுதியில் கிளௌஸ்தால் என்று ஒரு சுரங்க ஊர். வெள்ளியும் ஈயமும் எடுத்தார்கள். பூமிக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து கல்லை மேலே தூக்க வேண்டும். சணல் கயிறு போட்டால் ஈரத்தில் அழுகியது. சங்கிலி போட்டால் இன்னொரு தொல்லை. ஆயிரம் கண்ணி இருக்கிற சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி கெட்டால் போதும், மொத்தமும் அம்பேல். அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல்.

வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சங்கிலிகளை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப இழுத்துச் சோதித்தார். ஒரே தடவையில் தாங்குகிற பாரத்தைவிடக் குறைவான பாரம்கூட, மறுபடி மறுபடி ஏறி இறங்கினால் இரும்பை ஒருநாள் உடைத்துவிடும் என்பது அவருக்குப் பிடிபட்டது. மனுஷனைப் போல இரும்பும் களைத்துப்போகிறது! 1834இல் அவர் ஒரு காரியம் செய்தார். நாலு இரும்புக் கம்பிகளை ஒரு புரியாக முறுக்கி, அப்படி மூன்று புரிகளைச் சேர்த்துக் கயிறு திரித்தார். கம்பிக் கயிறு பிறந்தது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த கம்பி வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும், பார்த்து மாற்றிவிடலாம். பேசாத சங்கிலிக்குப் பதிலாகப் பேசுகிற இரும்பு. ஆல்பர்ட் செய்தது அதுதான். லிஃப்ட், கிரேன், தொங்கு பாலம், ரோப் கார் எல்லாம் அவருக்குக் கடன்பட்டவை.

அந்தப் பட்டியலில் நம் பாம்பனும் இருக்கிறது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் பகுதியை ஷெர்சர் தூக்குப் பாலம் என்பார்கள். இரண்டு பாதிகளும் சாய்வு நாற்காலி மாதிரி பின்பக்கம் உருண்டு எழும்பும். கயிறு போட்டு மேலே தூக்குகிற வேலையே அதில் இல்லை. ஆட்கள் நெம்புகோல்களைத் தள்ளித் தள்ளிச் சுற்றித்தான் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலம் வேறு ஜாதி. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் மேலே போகிறது. இரு பக்கமும் கோபுரம், கோபுர உச்சியில் சக்கரங்கள், மறுமுனையில் எதிர் எடை. எல்லாவற்றையும் இணைப்பது எஃகுக் கம்பிக் கயிறு. கிளௌஸ்தால் சுரங்கத்திலிருந்து வந்த சொத்து.

அவ்வளவு பெரிய பாலத்தையே கம்பிக் கயிறு தூக்குகிறதே, நண்பரின் படகைத் தூக்காதா? தூக்கும். ஆனால் பாலத்துக் கயிற்றுக்குப் பராமரிப்பு, பரிசோதனை எல்லாம் உண்டு. அது வளைந்து திரும்புகிற சக்கரமும் பெரியது. டிரெய்லர் வின்ச்சின் உருளை நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன். அதில் கம்பி ஒவ்வொரு தடவையும் இடுப்பொடிந்து சுற்றுகிறது. ஆல்பர்ட் சொன்ன களைப்பு இங்கே சீக்கிரம் வரும். போதாக்குறைக்கு உப்பு. இரும்பைக் கடல் எப்படித் தின்கிறது என்று சோதிக்கக் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோகத் தகடுகளைக் கொண்டுவந்து காயப்போட்ட ஊர் எது தெரியுமா? இதே மண்டபம்தான். டிரெய்லரோ கழுத்தளவு உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறுகிற வண்டி. துத்தநாகப் பூச்சு கொஞ்ச நாளில் போய்விடும். புரிகளுக்கு நடுவே புகுந்த தண்ணீர் வெளியே வராது. மேலே தடவின கிரீஸ் உள்ளே போகாது. பேச வேண்டிய இரும்பு இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிறது. காப்பிப்பொடி வந்தது அப்படித்தான்.

அப்படியானால் நைலான்? “நைலான் கயித்தையே போட்டுறலாமா?” என்று நண்பரும் கேட்டார்.

நைலானுக்கு யோகம் அடித்தது யுத்தத்தால். அதுவரை உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் மணிலா கயிறு. பிலிப்பைன்ஸில் விளையும் ஒருவகை வாழை நார். 1942இல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்தது. அமெரிக்கக் கப்பல்களுக்குக் கயிறு இல்லை! நாலு வருஷத்துக்கு முன்னால்தான் டுபான்ட் கம்பெனி நைலான் என்று ஒன்றை அறிவித்திருந்தது. பெண்களின் காலுறைக்குப் போய்க்கொண்டிருந்த இழை பாராசூட்டுக்கும் இழுவைக் கயிற்றுக்கும் திரும்பியது. அதைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் மனச்சோர்வில் 1937லேயே தற்கொலை செய்துகொண்டுவிட்டார். தன் இழைக்கு அப்படி ஒரு பெயர் வைத்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

நைலான் நல்ல கயிறு. ஆனால் ரப்பர் மாதிரி நீளும். நங்கூரத்துக்கு அது வரம், அலையின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். வின்ச்சுக்கு அதுவே சாபம். இழுவிசை முழுவதையும் வில் நாண் மாதிரி உள்ளே சேர்த்து வைத்திருந்து, அறுகிற நொடியில் மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்கும். பெரிய துறைமுகங்களில் கப்பல் கட்டும் கயிறு அறுந்து மாலுமிகள் செத்திருக்கிறார்கள். இன்னொன்று, நம் கடைகளில் ‘நைலான்’ என்று கேட்டால் நீலக் கலரிலோ பச்சைக் கலரிலோ எடுத்துக் கொடுப்பது பல சமயம் நைலானே இல்லை. பாலிபுரொப்பிலீன். விலை மலிவு, நன்றாக மிதக்கும். ஆனால் வெயிலில் கிடந்து கிடந்து பொடியாக உதிரும். கொடி கட்ட சரி.

கடைசியாக அந்த ஷூ லேஸ்.

அதன் குலம் கோத்திரம் விசாரித்தால் சிரிப்பு வரும். பாலிதீன். ஆமாம், கேரி பேக் செய்கிற அதே பாலிதீன் வகையறாதான். சாதாரண பாலிதீனில் மூலக்கூறுகள் இடியாப்பம் மாதிரி சிக்கிக்கொண்டு கிடக்கும். ஹாலந்தில் டி.எஸ்.எம். என்ற கம்பெனி. எழுபதுகளின் கடைசியில் அங்கே பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்ற இரண்டு விஞ்ஞானிகள், மிக நீளமான மூலக்கூறுகளைக் கரைசலாக்கி, கூழ் பதத்தில் இழையாக இழுத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நேராக நிறுத்த வழி கண்டார்கள். சிக்கெடுத்து வாரின தலைமுடி மாதிரி. 1990இல் டைனீமா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு பலம். தண்ணீரில் மிதக்கும், துருப்பிடிக்காது. அதிகம் நீளாததால் அறுந்தாலும் கம்பியைப் போல வெறிகொண்டு பாயாது. கடைக்காரர் செய்தது பொய்ச் சத்தியம் இல்லை.

சும்மா புகழவும் கூடாது. அதற்கும் மூன்று எதிரிகள் உண்டு. சூடு (150 டிகிரிக்குள் உருகிவிடும்), கூர்மை, மணல். போதாததற்கு வழவழப்பு. சாதாரண முடிச்சு போட்டால் நழுவும், நழுவாவிட்டாலும் பாதி பலம் போகும்.

இப்போது கணக்கு. இதுதான் என் ஏரியா.

படகு, எஞ்சின், எரிபொருள், வலை எல்லாம் சேர்த்து 900 கிலோ. சரிவில் உருளைகள் மேல் இழுப்பதால் கயிறு மொத்த எடையையும் சுமப்பதில்லை, கொஞ்சம்தான். ஆனால் அடிப்பக்கம் மணலில் சிக்கி, அதே நேரம் அலையும் பின்னால் இழுத்தால் கணக்கு எகிறும். ஆகவே வின்ச்சின் மேல் அச்சடித்திருக்கிற இழுவை எவ்வளவோ, அதைப்போல மூன்று மடங்காவது கயிற்றின் அறுபலம் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பழைய கம்பி சுமார் 5 மில்லிமீட்டர். புதிதாக இருந்தபோது 1,900 கிலோ தாங்கியிருக்கும். துரு எவ்வளவைத் தின்றதோ! 6 மில்லிமீட்டர் டைனீமா மூன்று டன்னுக்கு மேல்.

பாலியஸ்டர் பட்டையை நான் லேசில் ஒதுக்கவில்லை. விலை குறைவு, உருளையில் ஒழுங்காகப் படியும், ஓரத்தில் வெட்டு விழுந்தால் உடனே கண்ணில் படும். செங்குத்தான இறங்குதளம் உள்ள ஊர் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். வடகடல் அப்படியில்லை. முழங்கால் தண்ணீரே வெகுதூரம் போகும். டிரெய்லர் எட்டுகிற ஆழத்தில் படகு மிதக்காது, படகு மிதக்கிற ஆழத்துக்கு ஜீப் போகாது. நடுவில் கயிறுதான் நீள வேண்டும். இருபது மீட்டர் பட்டையைச் சுற்ற அந்த உருளையில் இடமில்லை. ஷூ லேஸுக்கு இருக்கிறது. கடற்கரையின் சரிவு எங்களுக்காக முடிவெடுத்துவிட்டது.

வாங்கி வந்து நண்பர் அவசரமாகச் சுற்றப் போனார். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். உருளையைத் தடவிப் பார்த்தார். பழைய கம்பி வருஷக்கணக்கில் அராவி விட்டுப்போன பிசிர்கள் பிளேடு மாதிரி இருந்தன. ஒரு வாரத்தில் புதுக் கயிற்றை நறுக்கிப் போட்டிருக்கும்! எமரி தாளைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு மணி நேரம் ஆனது. முன்பக்கம் கயிறு உரசுகிற இரும்பு வளையமும் அப்படியே.

அடுத்து கொக்கி. முடிச்சு கூடாது, பின்னிச் சேர்க்க வேண்டும். இந்தக் கயிறு உள்ளே குழாய் மாதிரி காலி. கொக்கியைச் சுற்றிவந்த முனையைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துவிட வேண்டும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் இறுகி உள்ளே போனதைக் கவ்விக்கொள்ளும். நுழைக்கிற நீளம் கயிற்றின் பருமனைப்போல 72 மடங்கு என்று படித்திருந்தேன். பெரியவருக்கு ஹாலந்தும் தெரியாது, 72ம் தெரியாது. கூரான ஒரு மரக்குச்சியால் வழிபண்ணி முனையை நுழைத்துக்கொண்டே போனார். “போதுமா?” என்று அளந்து பார்த்தேன். ஒண்ணரை அடிக்கு ஒரு விரற்கடை கூட. 6 மில்லிமீட்டருக்கு வரவேண்டியது 43 சென்டிமீட்டர். நான் வாயைத் திறக்கவில்லை.

கயிற்றைத் தளர்வாகச் சுற்றக்கூடாது, படகையே பாரமாக இழுக்கவைத்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து நெரியும். கயிறு முழுக்க நீண்ட நிலையிலும் உருளையில் ஏழெட்டுச் சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு காய்ந்து கல்லானால் இழைகளை உள்ளேயிருந்து அறுக்கும். வேலையில்லாதபோது வின்ச்சுக்கு ஒரு சாக்குப்பை மூடி. இதெல்லாம் நண்பருக்கு நான் எழுதிக்கொடுத்த சீட்டு. அவர் அதைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். நண்பர் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். மைத்துனர் விடவில்லை. தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. “நான்தான் சுத்துவேன்” என்றார். ஒன்றும் பேசாமல் பெரியவர் அவரைத் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தி நிறுத்தினார். ஒரு கோணியைக் கடலில் முக்கிக் கொண்டுவந்து, இழுபடுகிற கயிற்றின் நடுவில் தொங்கப்போட்டார். அறுந்தால் ஈரக்கோணி அதன் வேகத்தைத் தின்றுவிடுமாம்.

படகு முனகாமல் ஏறி உட்கார்ந்தது.

பெரியவர் கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டு, முழு நீளத்தையும் உருட்டி உருட்டித் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினார். மணலில் உரசி லேசாகப் பஞ்சு எழும்பியிருந்தது. “இப்படிப் பஞ்சு பறந்தா பயமில்லை. எங்கயாச்சும் வழவழன்னு கண்ணாடி கணக்கா விறைச்சிருந்தா சூட்டுல உருகியிருக்குன்னு அர்த்தம். வெட்டி எறிஞ்சிரு. இதுவும் பேசுது தம்பி” என்றார். மனிதர் முதல் தடவையாக அந்தக் கயிற்றைத் தொடுகிறார்!

எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினோம். பெரியவர் மட்டும் டிரெய்லர் முகப்பில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றின படகு ரோட்டில் பின்னால் சரியாமலிருக்க, மூக்கு வளையத்தோடு பூட்டுகிற சின்னச் சங்கிலி. டிரெய்லர் வாங்கின நாளிலிருந்து யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் ஒரு கண்ணியை நகத்தால் சுரண்டினார். காப்பிப்பொடி கொட்டியது.

“இதை எப்ப மாத்துனீங்க?”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் மைத்துனரைப் பார்த்தேன்.

“நாளைக்குக் கடை உண்டுல்ல அண்ணே?” என்றார் நண்பர்.